பச்சை இலை விளக்கும் குமுளி ஏற்றமும்

புதுக்கார் வாங்கியது என் இடது முழங்காலுக்காக. மீனாட்சிபுரத்திலிருந்து வண்டிப்பெரியாருக்கு மாதத்தில் இரண்டு தடவை பழைய காரை ஓட்டிப்போய் வந்ததில், கிளட்சை மிதித்து மிதித்து முட்டி வீங்கிவிட்டது. கேரள மலையில் இருக்கும் வண்டிப்பெரியாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் மீனாட்சிபுரத்தில் தென்னந்தோப்பும் நான்கு கறவை மாடுகளும் வைத்திருக்கிறார். அவரால் தோப்பை விட்டு வர முடியாது, என்னால் வேலையை விட முடியாது. அதனால் பல வருஷமாக ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை மலையிறங்கி வருவேன், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஏறிப்போவேன்.

புதிய கார் ஆட்டோமேட்டிக். கிளட்சே கிடையாது. ஷோரூமில் சாவி கொடுத்த அன்று, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இலைப்படம் போட்ட ஒரு பொத்தானை விற்பனையாளர் அமுக்கிக் காட்டினார். மீட்டருக்குள் ஒரு சின்னப் பச்சை இலை எரிந்தது.

"இது ஈகோ மோடு சார். ஆன் பண்ணி வெச்சா பெட்ரோல் மிச்சமாகும்."

எப்படி மிச்சமாகும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான். "எந்நேரமும் ஆன்லயே இருக்கலாமுங்களா?"

"தாராளமா சார்."

அத்தோடு தீர்ந்தது. அவர் தண்ணீர் இல்லாத ஊரில் விவசாயம் பார்த்து வளர்ந்தவர். ஒவ்வொரு தென்னைக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறார். ஏதாவது ஒரு முனையில் சொட்டு கொஞ்சம் வேகமாக விழுந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. பாதி வழி போனவர், வீட்டில் மின்விசிறியை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்த்திருக்கிறார். கஞ்சத்தனம் என்று சொல்லமாட்டேன். செலவு செய்ய அவருக்குக் கை நடுங்காது, வீணாவதுதான் பொறுக்காது. அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று யாரோ சொன்னால் எவ்வளவு பிடித்துப்போகும்!

"அம்மிணி, இந்த இலை எந்நேரமும் எரியோணும். மறந்துபோடாத" என்றார்.

நான் மறக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, பழனி வரைக்கும் கார் சொகுசாகப் போனது. ஒரே சீராக எழுபதில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டபடி போனேன். மீட்டரில் மைலேஜ் நன்றாகவே காட்டியது. தேனி, கம்பம், கூடலூர் எல்லாம் தாண்டி லோயர் கேம்பில் மலைப்பாதை தொடங்கியது. அங்கேதான் வந்தது வினை.

கார் ஏற மறுத்தது என்று சொல்ல முடியாது. ஏறியது, ஆனால் காய்ச்சலில் படுத்து எழுந்த ஆள் மாடிப்படி ஏறுவது போல ஏறியது. நான் ஆக்சிலரேட்டரை அமுக்கினால் அது ஒரு நொடி யோசித்தது. இன்னும் அமுக்கினால் இன்னும் யோசித்தது. பொறுக்காமல் அடிவரை மிதித்தேன். உடனே கியர் தானாகக் கீழே இறங்கி, இஞ்சின் 'ஓ'வென்று கத்தியது. பயந்து காலை எடுத்தேன். மறுபடி சோர்ந்துபோனது. முன்னால் காய்கறி ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் கையைக் காட்டி வழிவிட்டார். நான் காரை வெளியே எடுத்து மிதித்தேன். லாரிக்குப் பக்கத்திலேயே கார் நின்றுவிட்டது போலிருந்தது. மேலே வளைவில் பஸ் ஒன்றின் ஹாரன் கேட்டது. எப்படி முன்னால் போய் இடது பக்கம் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அடுத்த அகலமான வளைவில் நிறுத்தி, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தேன்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "ஏனுங்க, வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க."

"புது வண்டி அம்மிணி. நீதான் அவசரப்படற. மொள்ள ஏறு."

நான் அவசரப்படுகிறேனாம். பத்தொன்பது வருஷம் கார் ஓட்டியிருக்கிறேன். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. இருந்தாலும் பொத்தானைத் தொடவில்லை. அதற்கும் வண்டி இழுக்காததற்கும் சம்பந்தம் இருக்கும் என்றே தோன்றவில்லை. இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒவ்வொரு முறையும் கூடலூர் வந்தாலே பாட்டை நிறுத்திவிடுவேன். புதுக்காரின் மேல் ஒரு வெறுப்பே வந்துவிட்டது.

பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் சயின்ஸ் டீச்சருக்கு ஆனைக்கரையில் வீடு. அதன் மாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் பிறந்து, படித்து, அதே பகுதிப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர். அவருடைய கணவர் வீட்டைச் சுற்றி ஏலக்காய் போட்டிருக்கிறார். தினமும் காலையில் நாங்கள் இருவரும் என் காரில் குமுளி வழியாகப் பள்ளிக்குப் போவோம். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அச்சடித்த எதையும் விடாமல் படிப்பார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட முழுதாகப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவார்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் நான் வந்து இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தார். "என்ன டீச்சர், பேயறைஞ்ச மாதிரி வாரீங்க?"

சொன்னேன். இந்தக் காரை விற்றுவிடலாம் போலிருக்கிறது என்றும் சொன்னேன்.

"கார்கூட ஒரு புஸ்தகம் குடுத்திருப்பான்ல, அத எடுங்க."

டேஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு அடுப்படி மேசையில் உட்கார்ந்தார். நான் குளித்துவிட்டு வந்தபோது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"அந்த இலை எரியுதுல்லா, ஏறும்போதும் எரியுதா?"

"எந்நேரமும் எரியும்."

"அதான் விஷயம். நாளைக்குக் காலையில காட்டுதேன்."

மறுநாள் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினோம். குமுளி தாண்டி, தேயிலைக்கு நடுவே வளைவில்லாமல் ஒரு துண்டுச் சாலை வரும். அங்கே போனதும் என்னை இருபதில் போகச் சொன்னார். பிறகு, "இப்ப ஆக்சிலரேட்டரப் பாதி அமுக்குங்க. பாதிதான். அப்படியே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். ஐம்பதைத் தொடும்போது பன்னிரண்டு எண்ணியிருந்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, இலையை அணைத்துவிட்டு, அதே இடத்தில் அதே பாதி அமுக்கினேன். எட்டு எண்ணுவதற்குள் ஐம்பது.

"பாத்தீங்களா? கால் ஒண்ணுதான். கேக்குற ஆளு வேற" என்றார்.

பிறகு பள்ளி போய்ச் சேரும்வரை விளக்கிக்கொண்டே வந்தார். முன்காலத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து இஞ்சினுக்கு ஒரு கம்பி போகும், எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு திறக்கும். இப்போது நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. நம் கால் கேட்பதை அது அப்படியே கொடுப்பதில்லை. இலை எரியும்போது பாதி மிதித்தால், 'இவங்க அவசரத்துல கேக்காங்க' என்று வைத்துக்கொண்டு, பாதிக்கும் குறைவாகத்தான் திறக்கும். கியரையும் சீக்கிரம் சீக்கிரம் மேலே ஏற்றிவிடும், இஞ்சின் மெதுவாகச் சுற்றட்டும் என்று. ஏசியையும் விட்டு விட்டுத்தான் ஓட்டும்.

"அப்ப பொத்தான் பெட்ரோல மிச்சம் பண்ணலைங்களா?"

"அது என்ன டீச்சர் பண்ணும்? உங்க காலப் புடிச்சு இழுக்குது, அவ்வளவுதான். சமதளத்துல, டவுனுக்குள்ள, அது நல்லதுதான். ஏத்தத்துல வண்டியோட கனத்த மேல தூக்கணும்ல? அதுக்குண்டான பெட்ரோல் குடுத்துத்தான் ஆகணும். அது கொஞ்சமாக் குடுக்கும், நீங்க பத்தாதுன்னு அடிவர மிதிப்பீங்க, அது பதறிப்போயி கியரக் கீழ தள்ளிட்டுக் கத்தும். ரெண்டு பேருக்கும் சண்ட. சண்டையிலதான் பெட்ரோல் போகுது."

நான் கணக்கு டீச்சர். இத்தனை கிலோவை இத்தனை உயரத்துக்குத் தூக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை எந்தப் பொத்தானாலும் மாற்ற முடியாது என்பது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பள்ளி வாசலில் காரை நிறுத்தும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "எல்லா வீட்லயும் ஈகோதான் டீச்சர் பிரச்சன. ஏத்தம் வந்தா அதத் தள்ளி வச்சிரணும்."

அடுத்த முறை லோயர் கேம்பில் பொத்தானை அமுக்கி இலையை அணைத்தேன். விரத நாளில் யாரும் பார்க்காமல் வடையை வாயில் போட்டதுபோல ஒரு குற்ற உணர்ச்சி. ஆனால் கார் வேறு காராக மாறியது. லேசாக அமுக்கினாலே போதும், ஒரே சீராக ஏறியது. கத்தவில்லை, யோசிக்கவில்லை. குமுளிச் சோதனைச்சாவடி வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது, ஸ்டியரிங்கை நான் இறுக்கிப் பிடிக்கவேயில்லை என்று.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'நீதான் அவசரப்படற' என்றவரிடம் எதற்குச் சொல்வது என்று ஒரு வீம்பு. ஊருக்குப் போகும்போது மீனாட்சிபுரம் வருவதற்குள் இலை எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். அவரும், கார் வாசலில் நின்றதும் முதல் வேலையாக மீட்டரைத்தான் எட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் மைலேஜ் முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது.

"பாத்தியா அம்மிணி, இலையோட மகிமைய!" என்பார். அவர் சந்தோஷத்தைப் பார்த்து நானும் தலையாட்டுவேன்.

ஓணப் பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்று நல்ல மழை. மழையில் நான் தனியாக இறங்கக்கூடாது என்று அவர் பஸ் பிடித்து ஆனைக்கரைக்கே வந்துவிட்டார். சயின்ஸ் டீச்சர் தேனியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக எங்களோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வீட்டுக்காரர் ஓட்டினார், நான் பக்கத்தில்.

குமுளியில் இறக்கம் தொடங்கியதும் அவர் கியரை நியூட்ரலில் தள்ளினார்.

"என்னங்க பண்றீங்க?"

"எறக்கந்தானே, தானாப் போகும். எதுக்குச் சும்மா பெட்ரோல எரிக்கறது?"

கார் தானாகத்தான் போனது, வேகம் கூடிக்கொண்டே. அவர் பிரேக்கை அமுக்கி அமுக்கி விட்டார். நான்கைந்து வளைவுகள் போனதும் ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. முதலில் முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்றார். லாரி திரும்பி மறைந்த பிறகும் வாடை போகவில்லை. பிரேக் மிதி முன்னைவிட ஆழமாக இறங்கியது அவர் முகத்திலேயே தெரிந்தது. கியரை மாற்றி, மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் பெரிய குழாய்கள் தெரியும் இடத்தில் ஓரம்கட்டினார். இறங்கிப் பார்த்தோம். மழைச்சாரல் பட்டு முன்சக்கரத்திலிருந்து ஆவி வந்தது.

"சித்த நேரம் ஆறட்டும்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

குடைக்குள் மூன்று பேரும் நின்றோம். டீச்சர்தான் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "அண்ணாச்சி தப்பா நெனைக்கக் கூடாது. நியூட்ரல்ல விட்டாத்தான் பெட்ரோல் செலவாகும்."

"அதெப்படீங்க டீச்சர்?"

"நியூட்ரல்ல இஞ்சின் அணைஞ்சிராம இருக்கணும்ல? அதுக்குப் பெட்ரோல் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். கியர்ல போட்டு, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டா, சக்கரமே இஞ்சினச் சுத்த வைக்கும். அப்ப பெட்ரோல சுத்தமா நிறுத்திருவான். ஒரு சொட்டு போகாது. புஸ்தகத்துலயே போட்டுருக்கான்."

என் வீட்டுக்காரர் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று திரும்பினார். "மொபெட்டத் தள்ளி ஸ்டார்ட் பண்றோமே, அந்த மாதிரீங்களா? சக்கரம் சுத்துனா இஞ்சின் சுத்தும்!"

"அதேதான் அண்ணாச்சி. இஞ்சினே வண்டியப் புடிச்சு நிறுத்தும். பிரேக்குக்கும் வேல கொறைவு."

"ஒரு சொட்டுமா போகாது?"

"ஒரு சொட்டும் போகாது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கருகின பிரேக்கை மறந்துவிட்டார். "அப்ப அந்த இலைக்கும் இதுக்கும்?"

"இலை எரிஞ்சாலும் எரியாட்டியும் எறக்கத்துல இது நடக்கும். இலை எடஞ்சல் பண்ணுறது ஏத்தத்துலதான். அதான் நம்ம டீச்சர் ஏறும்போதெல்லாம் அத அணைச்சுருதாங்கள்ல" என்றார் அவர், இயல்பாக.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் குழாய்களைப் பார்த்தேன். டீச்சருக்கு ஏதோ புரிந்து, "நான் உள்ள உக்காருதேன், சாரல் அடிக்கு" என்று காருக்குள் போய்விட்டார்.

"எத்தன நாளா?" என்றார் அவர்.

"ரெண்டு மூணு மாசமா."

பிரேக் ஆறிய பிறகு, கியர்க்கம்பியைக் குறைந்த கியருக்கான 'எல்' என்ற எழுத்துக்கு இழுத்துவிட்டு மலையிறங்கினார். இஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொள்ள, கார் மாட்டுவண்டி போல அடக்கமாக வளைவுகளில் திரும்பியது. லோயர் கேம்ப் வரைக்கும் எப்போதாவதுதான் பிரேக்கைத் தொட்டார். தேனியில் டீச்சரை இறக்கிவிட்டோம். அதன்பிறகு நாங்கள் இருவர்தான். பெரியகுளம் தாண்டியும் பேச்சு இல்லை. கோபமா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கோபம் மாதிரி இல்லை.

ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினார். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார். "ஏன் எங்கிட்டச் சொல்லுல?"

"நீங்க அந்த இலையப் பாத்து அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. எப்படிங்க சொல்றது?"

"அதுக்காக?"

"மொத நாளு மலையில நின்னுக்கிட்டு உங்களுக்குப் போன் பண்ணுனேன். வண்டி இழுக்கலீன்னு சொன்னேன். நாந்தான் அவசரப்படறேன்னு சொன்னீங்க. ஒரு லாரிக்குப் பக்கத்துல மாட்டிக்கிட்டு, மேல பஸ் வருது. அதெல்லாம் நீங்க கேக்கவே இல்ல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பஸ் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அட சாமி" என்றார். "தப்பு என்னோடதுதான். நாஞ் சொன்னேன்னு நீ அத அப்படியே வெச்சுக்கிட்டியா? நல்ல ஆளு போ" என்றார். பிறகு இன்னொரு டீ சொன்னார், எனக்கும் சேர்த்து. அவர் இரண்டாவது டீ குடித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அங்கிருந்து வீடு வரைக்கும் வேடிக்கைதான். இலையை எரியவிட்டார், சமதளம் என்பதால். தூரத்தில் வேகத்தடை தெரிந்தாலே காலை எடுத்துவிட்டு, "இப்ப ஒரு சொட்டும் போகாதில்ல?" என்பார். சிவப்பு விளக்கைக் கண்டால் இருநூறு அடிக்கு முன்பே காலை எடுப்பார், நாங்கள் உருண்டு போய்ச் சேர்வதற்குள் அது பச்சையாகிவிடும். அதற்கு ஒரு குதூகலம். பழனியில் பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்துவிட்டான். ஐந்து மணி நேரத்தில் போகும் வழிக்கு ஆறரை மணி நேரம் ஆனது. வீட்டு வாசலில் மீட்டரைப் பார்த்துவிட்டு, புதுக் கன்று பிறந்த மாதிரி தோப்பில் வேலை செய்பவரைக் கூப்பிட்டுக் காட்டினார். மலையிறக்கமும் சேர்ந்த கணக்கு அது, எல்லா நாளும் அப்படிக் காட்டாது என்று நான் சொல்லப்போனேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். இப்போது நான் லோயர் கேம்ப் தாண்டினால் போன் வரும். "ஏத்தம் வந்துருச்சா? இலைய அணைச்சுட்டியா?" ஓட்டும்போது போன் பேசமாட்டேன் என்று பல முறை சொல்லிவிட்டேன். மேலே போய்ச் சேர்ந்ததும் நானே கூப்பிட்டுப் பேசுவேன்.

அந்த லீவு முடிந்து திரும்பியதும் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். "இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு நீங்க ஏன் ஓட்டக் கத்துக்கக் கூடாது?"

"ஐம்பத்தோரு வயசுலயா?"

"உங்க காலுக்கு அவசரமே கிடையாது. அது போதும்."

பள்ளி விட்டதும் எஸ்டேட் மைதானத்தில் பழகினோம். லைசன்ஸ் பரீட்சையில் முதல் முறை பின்னால் எடுக்கும்போது கம்பைத் தட்டிவிட்டார். இரண்டாம் முறை தேறினார். தை பிறந்து ஒரு திங்கட்கிழமை, ஆனைக்கரையிலிருந்து பள்ளி வரைக்கும் முதன்முறையாக அவரே ஓட்டினார். முப்பதுக்கு மேல் ஏறவேயில்லை. குமுளி தாண்டியதும் பின்னால் இரண்டு பஸ்ஸும் ஐந்தாறு ஜீப்பும் வரிசை கட்டின. ஒரு ஜீப்காரர் முந்திப் போகும்போது எட்டிப் பார்த்து, "டீச்சரா, அப்ப சரி" என்று சிரித்துவிட்டுப் போனார். அவருடைய பழைய மாணவராம்.

பள்ளி வாசலில் நிறுத்தியபோது அசெம்பிளியில் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. நடுவில் உள்ளே போக முடியாது. கேட்டுக்கு வெளியே, வேலியோரம் இரண்டு பேரும் கைகட்டி நின்றோம். தாமதமாக வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் ஓடிவந்து, எங்களைப் பார்த்துத் திகைத்து, வேறு வழியில்லாமல் எங்களுக்குப் பக்கத்திலேயே வரிசையாக நின்றுகொண்டார்கள். டீச்சர் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.